பழைய முதலாளிக்குச் சொல்லணுமா?

நண்பர் ஒருத்தர் வேலையை விட்டார். "அடுத்து எங்கே?"ன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. சொன்னா யாராவது கெடுத்துடுவாங்களோன்னு பயம். "கொஞ்ச நாள் ஓய்வு"ன்னுட்டார்.

புது வேலை எதுன்னு பழைய முதலாளிகிட்ட சொல்லியே ஆகணும்னு நம்ம நாட்டுல பொதுவான கட்டாயம் எதுவும் கிடையாது. 'போட்டி கம்பெனியில சேரமாட்டேன்'னு எழுதி வாங்கியிருந்தாலும், 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு அந்தத் தடை பொதுவா செல்லாது. ஆனா தொழில் ரகசியத்தைக் கையோட எடுத்துட்டுப் போகக் கூடாது.

இன்னொண்ணு. எத்தனை வேலை மாறினாலும் பி.எஃப்.புக்கு ஒரே யு.ஏ.என். நம்பர்தான். விலகின தேதி அதுல ஏறியிருக்கணும். இல்லேன்னா பணத்தை மாத்தறதுல சிக்கல். அந்தத் தேதியைப் பழைய ஆபீஸ் ஏத்தலேன்னாலும், நாமளே ஆன்லைன்ல ஏத்திக்கலாம்.

நண்பரைப் பத்தி விசாரிக்க, புது கம்பெனி பழைய மேனேஜருக்கே போன் போட்டது. அவர் சொன்னாராம்: "தங்கமான மனுஷன். ஓய்வெடுக்கப் போறேன்னாரே, அதுக்குள்ள எழுப்பிட்டீங்களா?"

சொல்ல இஷ்டமில்லையா, சொல்லாம இருங்க. பொய் மட்டும் வேண்டாம்.