இரும்பு சுருங்கும் கணக்கு

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

உங்களில் பாதிப் பேர் ஆலையில் நூற்பு மெஷினோடு மல்லுக் கட்டுகிறவர்கள். மீதிப் பேர் அடுத்தவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். ஆலை மெஷினின் பல்சக்கரமும் வார்ப்பிரும்பு. கிணற்றடியில் ஓடும் பம்பும் வார்ப்பிரும்பு. அந்த இரும்பு இந்த வடிவத்துக்கு எப்படி வந்தது? உருக்கி ஊற்றினார்கள் என்பீர்கள். சரி. எதில் ஊற்றினார்கள்? அதற்கு ஒரு வடிவம் வேண்டாமா? அந்த வடிவத்தை முதலில் மரத்தில் செய்தவன் ஒரு தொழிலாளி. அவனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்தவுடன் நான் கோவையில் ஒரு பேட்டர்ன் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். ஏழு வருஷம் அங்கே உளி பிடித்தேன். ஆகையால் இது கேள்விப்பட்ட கதை அல்ல.

மரம் முதலில், இரும்பு பிறகு

கோவைக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய உறவு. 1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, கிணறுகளில் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் பம்பு வந்தது. பம்பு வேண்டுமானால் பவுண்டரி வேண்டும். பவுண்டரி வேண்டுமானால் பேட்டர்ன் வேண்டும்.

குழந்தைகள் ஈர மணலில் கொட்டாங்கச்சியை அழுத்தி எடுத்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். மணலில் அதே வடிவத்தில் குழி நிற்கும். பவுண்டரி வேலையும் அதுதான். வேண்டிய பொருளைப் போல் தேக்கு மரத்தில் ஒரு மாதிரி செய்கிறார்கள். இதுதான் பேட்டர்ன். மோல்டர் அதைப் பெட்டிக்குள் வைத்து, மணலைப் போட்டு இடித்து, மெல்ல உருவி எடுக்கிறார். நின்ற குழியில் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள்.

பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் உருவும்போது மணல் உடைந்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு கொடுக்க வேண்டும். பம்புக்குள் தண்ணீர் சுழல இடம் வேண்டும். அந்த இடத்தை அடைத்து நிற்க மணலில் ஒரு கோர் செய்ய வேண்டும். அந்தக் கோருக்கான மரப்பெட்டியும், அது குழியில் நகராமல் உட்காருவதற்கான இடமும் இதே தொழிலாளியின் பொறுப்பு. அதாவது, இரும்பு இருக்கும் இடத்தை மட்டும் அல்ல, இரும்பு இல்லாத இடத்தையும் அவன் மரத்தில் செய்கிறான்.

பொய் சொல்லும் அளவுகோல்

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் சுருக்கம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு சுமாராக மீட்டருக்கு 10 மில்லி மீட்டர் சுருங்கும். எஃகு அதைப் போல் இரு மடங்கு, சுமார் 20 மில்லி மீட்டர். ஆகையால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகவே செய்ய வேண்டும்.

இதற்கென்று தனி அளவுகோல் உண்டு. ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் என்போம். அதில் ஒரு மீட்டர் என்று போட்டிருக்கும். சாதாரண அளவுகோலை வைத்துப் பார்த்தால் 1 மீட்டர் 10 மில்லி மீட்டர் இருக்கும். இரும்புக்கு ஒரு ஸ்கேல், எஃகுக்கு வேறு ஸ்கேல். முதல் நாள் நான் இதைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இது தப்பு ஸ்கேல்" என்றேன். அவர் சிரித்தார். "தம்பி, ஆறின பொறவு அளந்து பாரு. அது சரியாத்தான் சொல்லும்" என்றார்.

எஃகுச் சீவல் சொன்ன சாட்சி

2000-ம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பேட்டர்னில் வார்த்த இருபது பம்பு உறைகள் திரும்பி வந்தன. 600 மில்லி மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 6 மில்லி மீட்டர் குறைவு. கடைசல் பிடிப்பதற்காக இரண்டு பக்கமும் விட்டிருந்த மூன்று மூன்று மில்லி மீட்டரும் அதோடு போயிற்று. அத்தனையும் கழிவு.

முதலாளி நேரே மேஸ்திரியிடம் வந்தார். நஷ்டத்தை மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகச் சொன்னார். முப்பது வருஷம் உளி பிடித்த மனிதர் அவர். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை. "பிடிக்கிறதுன்னா பிடிச்சுக்குங்க. ஆனா அளந்து பாத்துட்டுப் பிடிங்க" என்றார்.

பேட்டர்னைக் கொண்டு வந்தோம். இரும்பு ஸ்கேலை வைத்தார். மயிரிழை பிசகில்லை. "அப்போ மோல்டர் கெடுத்திருக்கணும்" என்றார் சூப்பர்வைசர். பாருங்கள் தோழர்களே, பழி எங்கே போகிறதென்று! ஒரு தொழிலாளி தப்பினால் அடுத்த தொழிலாளி. மோல்டரும் எங்களைக் கை காட்டியிருந்தால் அன்றைக்குக் காரியம் கெட்டிருக்கும். அவர் காட்டவில்லை. "நான் இந்த வேலைக்குப் பெட்டியே கட்டலை" என்று உண்மையைச் சொன்னார்.

அப்போது லேத்தில் நின்ற தோழர் குனிந்து, மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி சீவலை அள்ளி வந்தார். அந்த உறைகளின் நடுத்துளையைக் கடைந்தபோது விழுந்தது. வார்ப்பிரும்பைக் கடைந்தால் தூளாக உதிரும். இவர் கையில் இருந்ததோ நீண்ட சுருள். "ஏனுங்க, இதப் பாத்தா வார்ப்பிரும்பாட்டமா இருக்குது?" என்றார்.

விஷயம் வெளியே வந்தது. எஃகு உறைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. புதுப் பேட்டர்னுக்குப் பணமும் நாளும் ஆகும் என்று, பழைய இரும்புப் பேட்டர்னையே மின்சார உலை உள்ள வேறொரு பவுண்டரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். 600 மில்லி மீட்டருக்கு இரும்பு 6 சுருங்கும். எஃகு 12 சுருங்கும். குறைந்த 6-க்குக் கணக்கு அங்கேயே இருந்தது. சம்பளப் பிடித்தம் நின்றது.

அப்போது அமலில் இருந்த 1936-ம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில், நஷ்டத்துக்குப் பிடித்தம் செய்யுமுன் தொழிலாளியிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. அன்று அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் மேஸ்திரி அன்றிரவு தூங்கியிருப்பார்.

இன்று

இன்று கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினில் பேட்டர்ன் செதுக்குகிறார்கள். தெர்மோகோலிலும் பிசினிலும் செய்கிறார்கள். உளி பிடிக்கும் கைகள் குறைந்துவிட்டன. மெஷின் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மரத்தூளைச் சுவாசிப்பது யாருக்கும் நல்லதல்ல. ஆனால் கம்ப்யூட்டருக்கும் எந்த உலோகம், எவ்வளவு சுருங்கும் என்று ஒரு மனிதன் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கணக்கை இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுக்காமல் பொத்தானை மட்டும் காட்டினால், நாளைக்குப் பழி வரும்போது எதை வைத்து அளந்து காட்டுவார்கள்?

தோழர்களே, மேஸ்திரியைக் காப்பாற்றியது மூன்று காரியங்கள். தன் வேலையின் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. மோல்டர் பழியைத் திருப்பிவிடவில்லை. லேத் தோழர் தனக்கென்ன என்று நிற்காமல் குனிந்து சீவலை அள்ளினார். இரும்பு எவ்வளவு சுருங்கும் என்று மேஸ்திரி முன்கூட்டியே அறிந்திருந்தார். நம் கூலி எங்கே, எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் நாம் அதே போல் அளந்து வைத்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டை வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். பிரித்துப் படியுங்கள். படிக்கத் தெரியாத தோழருக்குப் படித்துக் காட்டுங்கள்.