மூச்சையும் அளந்து பார்ப்போம்



விற்கும் நெல்லை நிறுத்துக் கொடுக்கிறோம்; காய்ச்சலை வெப்பமானி வைத்துப் பார்க்கிறோம். தொய்வுள்ள பிள்ளையின் மூச்சை மட்டும் காதால் மதிப்பிட்டுத் திருப்தியடைகிறோம். இழுப்புச் சத்தம் நின்றதும் நாளாந்தப் பம்பை நிறுத்திவிடுகிறோம். பின், மாசியில் நம் வன்னி வயல்களில் அறுவடைத் தூசு கிளம்பும்போது, அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாகக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ஓடுகிறோம்.

சத்தம் அடங்கிய பின்பும் மூச்சுக்குழாய் ஒடுங்கியிருக்கக்கூடும். அதைக் காட்டவல்லது ஊதற் பரிசோதனை. 1959இல் பிரித்தானியரான ரைற் வெளிப்படுத்திய ஊதுமானியின் சிறிய வடிவம் இன்று பள்ளிப் பையிலும் அடங்கும். ஐந்தாறு வயதுப் பிள்ளை பழக்கினால் ஊதும். காலையும் மாலையும் மும்முறை ஊதச்செய்து, கூடிய அளவைக் கொப்பியில் எழுதவேண்டும். நலமாயிருக்கையில் ஊதிய உச்ச அளவே அப்பிள்ளையின் அளவுகோல். (அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட இது பரீட்சைப் புள்ளியல்ல!) அதில் 80 வீதத்துக்குக் கீழிறங்கினால் வைத்தியர் எழுதித் தந்தபடி நடக்கவேண்டும், 50 வீதத்துக்கும் கீழென்றால் விடியும்வரை காத்திராது, நிவாரணப் பம்பைக் கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். பிள்ளை மூச்சுக்குத் தவித்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதைப் பார்த்து வைத்தியர் செய்யட்டும்.