விளக்கும் கணக்கும்

காஞ்சிபுரத்துக் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளுள் பல, விளக்குக்கு விட்ட தானங்களைச் சொல்லுவன. சோழர் காலத்தில் ஒருவர் கோயிலில் நுந்தா விளக்கு ஒன்று எரிய வேண்டும் என்று விரும்பினால், விருப்பத்தை மட்டும் தெரிவித்துவிட்டுப் போய்விடுவதில்லை. விளக்கொன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்பர். இறந்தவற்றுக்கும் மூத்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் வந்து சேர்வதால், மந்தையின் தொகை என்றும் குறையாது என்பது அதன் பொருள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். யார் கொடுத்தார், எத்தனை கொடுத்தார், யார் பொறுப்பேற்றார் என்பனவெல்லாம் ஊரார் காணக் கல்லில் வெட்டப்பட்டன. ஒளியை வழங்குவோர் அதன் செலவுக்கும் வழி செய்ய வேண்டும்; அந்தக் கணக்கு பலரறிய இருக்கவேண்டும். இதுவே அந்தக் கல்வெட்டுகள் கூறும் நெறி.

ஏறக்குறைய இதே நெறியை இந்திய நாட்டின் மின்சாரச் சட்டத்தில் இடம்பெறச் செய்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் ரங்கராஜன் குமாரமங்கலம்.

அவருடைய குடும்பத்துக்கும் நாட்டின் எரிபொருள், மின்சாரம் ஆகியவற்றுக்கும் மூன்று தலைமுறைத் தொடர்பு உண்டு. பாட்டனார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் வேலை 1929-இல் தொடங்கியது அவர் பதவியில் இருந்த நாளில்தான். தந்தையார் மோகன் குமாரமங்கலம் 1971-இல் புதுச்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று, எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானவர். நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமை ஆக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வேலை 1973-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று நிறைவெய்தியது. அதே மாதம் 31-ஆம் நாள் டில்லிக்கு அருகே நிகழ்ந்த விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். அப்போது மகன் ரங்கராஜனுக்கு வயது 21.

ரங்கராஜன் 1952-இல் பிறந்தவர். சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் சேலம் தொகுதியில் வென்றார். 1991-இல் மத்திய அரசில் சட்டத்துறை இணை அமைச்சராகிப் பின்னர்ப் பதவி விலகினார். பிறகு பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்து, 1998-இலும் 1999-இலும் திருச்சிராப்பள்ளியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்சி மாறியதைப் பற்றி அன்று இரு பக்கமும் பேசினர். அந்த வாதத்துக்குள் நான் புகவில்லை. 1998 மார்ச்சில் மின்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பின் அவர் செய்த வேலையே என் பொருள்.

அன்று நிலைமை எவ்வாறு இருந்தது? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலந்தோறும் மின்வாரியங்கள் அமைந்திருந்தன. நிலைச் சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு 3 வீதமாவது ஆண்டுதோறும் மிகுதி காட்டவேண்டும் என்று பின்னாளில் அச்சட்டத்தைத் திருத்தினர். ஆனால் ஏட்டில் எழுதியது வேறு, நடந்தது வேறு. மின் கட்டணத்தை நடைமுறையில் தீர்மானித்தது ஆளுங்கட்சியின் விருப்பம். ஒரு சாராருக்குச் சலுகை அறிவிப்பது எளிது. அதற்குரிய பணத்தை வாரியத்துக்குக் கொடுப்பது அரிது. வாரியம் கடன் வாங்கிற்று. கடனுக்கு வட்டி கட்ட மேலும் கடன் வாங்கிற்று. தந்தி கட்டவும் மின்மாற்றி மாற்றவும் கையில் பணம் இல்லை.

குமாரமங்கலம் பதவியேற்ற நான்கு மாதத்துக்குள், மின்சார ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் நிறைவேறியது. ஒரிசா மாநிலம் இவ்வழியில் 1996-இலேயே ஓர் ஆணையத்தை அமைத்திருந்தது. அதை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது 1998-ஆம் ஆண்டுச் சட்டம். மத்திய ஆணையம் ஒன்று அவ்வாண்டே அமைந்தது. நெய்வேலி போன்ற மத்திய அரசு நிலையங்களின் மின்சாரத்துக்கு விலை வகுப்பது அதன் பொறுப்பாயிற்று. மாநிலங்களும் தத்தம் ஆணையங்களை அமைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் தந்தது. தமிழ்நாடு 1999-இல் அமைத்தது. மின் கடத்தும் பாதைகளை அமைப்பதில் தனியார்க்கும் இடமளித்த திருத்தச் சட்டமும் 1998-இல்தான் வந்தது. தந்தை அரசின் கைக்குள் கொண்டுவந்தார். மகன் அரசின் கையைச் சற்றுத் தளர்த்தினார். இருவரும் தத்தம் காலத்தின் நோய்க்குத் தாம் அறிந்த மருந்தைத் தேடினர் என்றே நான் கொள்கிறேன்.

அந்தச் சட்டத்தில் ஒரு விதி என் கருத்தை ஈர்த்தது. மாநில அரசு எந்த வகுப்பாருக்கேனும் கட்டணச் சலுகை தர விரும்பினால் தரலாம். ஆனால் அதனால் நேரும் இழப்பை அரசே ஈடு செய்யவேண்டும் என்பது அது. சலுகை கூடாது என்று அது சொல்லவில்லை. ஆட்டைக் கொடாமல் விளக்கை ஏற்றச் சொல்லாதே என்றுதான் சொல்கிறது.

விலை வகுக்கும் அதிகாரம், மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரிடமிருந்து தேர்தலில் நில்லாத மூவரிடம் செல்வது மக்களாட்சிக்கு ஏற்றதா என்று கேட்டவர்கள் உண்டு. தள்ளத்தக்க கேள்வியன்று அது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். முன்பு சலுகையின் சுமை வாரியத்தின் கடன் ஏட்டில் மறைந்து கிடந்தது. இழப்பை அரசே தரவேண்டும் என்றானபின், அத்தொகை வரவு செலவுத் திட்டத்தில் ஏறிச் சட்டமன்றத்தின் முன் வந்தாக வேண்டும். மக்களின் பிரதிநிதிகள் அதைக் கண்டு, பேசி, வாக்களிக்கின்றனர். இதில் மக்களின் அதிகாரம் குறையவில்லை, கூடுகிறது.

இதெல்லாம் எங்கள் ஊருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் பிறந்து வளர்ந்தது காஞ்சியில், பிள்ளையார்பாளையத்தில். அங்கே குழித்தறியில் பட்டு நெய்பவருக்கு விளக்கு ஒரு தொழிற்கருவி. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலையில், இழையோடு இழை பிசகாமல் சேர வேண்டும். மழைக்காலத்துப் பகலிலும் விளக்கில்லாமல் அந்த வேலை நடவாது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கிடைத்து வந்தது. அது 2016-இல் 200 யூனிட் ஆயிற்று. 2023-இல் 300 யூனிட் ஆயிற்று. அதன் விலையை மாநில அரசு வாரியத்துக்குச் செலுத்தவேண்டும். நெசவாளர் பெறுவது பிச்சையன்று. சட்டப்படி கணக்கில் ஏறிய உரிமை. அந்தக் கணக்கு தவறினால் உரிமையும் ஆட்டங்காணும்.

சட்டம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் தமிழ்நாடு, மின் பகிர்மானக் கழகத்தின் 30,420 கோடி ரூபாய்க் கடனில் 22,815 கோடியைத் தானே ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. விதி இருந்தும் கடன் மலைபோல் வளர்ந்தது. கட்டணத்தை உரிய காலத்தில் திருத்தாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதும் அதற்கு ஒரு காரணம். இறுதியில் அச்சுமை வரியாகவோ கட்டணமாகவோ எல்லார் தலையிலும் இறங்குகிறது. நெசவாளர் தலையும் அதற்கு விலக்கன்று.

குமாரமங்கலம் தம் வேலையின் முழுப் பயனைக் காணவில்லை. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், 48-ஆம் வயதில், டில்லியில் நோயுற்று மறைந்தார். அவர் காலத்தில் உருவாகத் தொடங்கிய புதிய மின்சார மசோதா, 2003-இல் சட்டமாயிற்று. அதன் 65-ஆம் பிரிவு, சலுகைத் தொகையை மாநில அரசு முன்னதாகவே செலுத்தவேண்டும் என்று இன்னும் இறுக்கிக் கூறுகிறது.

கட்டணம் மாறுமுன் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் கேட்டது. யாரும் எழுந்து பேசலாம்; எழுதியும் அனுப்பலாம். காஞ்சியிலிருந்து சென்னை இரண்டு மணி நேரப் பயணம். அடுத்த முறை அப்படியொரு கூட்டம் கூடும்போது, எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து நால்வராவது போகவேண்டும். "எங்கள் பங்குக்கு அரசு தரவேண்டிய தொகை எவ்வளவு? வந்துவிட்டதா?" என்று அவர்கள் கேட்கவேண்டும். கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதை அமைத்துத் தந்தவர்களுள் ஒருவர் சேலத்துக்கும் திருச்சிக்கும் பிரதிநிதியாக இருந்த அந்தத் தமிழர்.