மடிப்பின் இலக்கணம்



தமிழ் கற்பிப்பவள் சதுரத்தாளுடன் மேடையேறியது கண்டு சிலர் புன்னகைக்கின்றீர்கள். தாளில் கவிதை ஏதுமில்லை, மடிக்கவே கொணர்ந்தேன்.

1893இல் சென்னையில் அச்சேறிய ஆங்கில நூலொன்றினை நம்மில் அறிந்தோர் சிலரே. காகித மடிப்பின்வழி வடிவகணிதம் பயிற்றும் நூல், ஆசிரியர் டி. சுந்தர ராவ். மழலையர் விளையாடும் வண்ணத்தாள்களே தமக்குத் தூண்டுதல் என்கிறார். கவராயமின்றி, மடித்தே ஐங்கோணமும் அறுகோணமும் சமைக்கிறார். செருமானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதனைச் சுட்டினார். 1901இல் சிகாகோவில் மறுபதிப்புக் கண்டது.

மடித்தல் என்பது யாது? மடிப்புக்கோடு ஓர் ஆடி. தாளின் ஒரு பாதி கதவெனச் சுழன்று மறுபாதியின்மேல் பிம்பமாய் விழுகிறது. தாள் நீளாது, சுருங்காது. இடம்பெயர்ந்தும் அளவு திரியாத இதனையே திண்ம இயக்கம் என்பர்.

கனசதுரத்தின் கொள்ளளவை இருமடங்காக்கும் கிரேக்கப் புதிர் கவராயத்துக்கும் கோலுக்கும் அடங்காதது. மடிப்புக்கும் அடங்காதென்ற எண்ணமே சுந்தர ராவ் நூலில் தொனிக்கிறது. 1936இல் இத்தாலியப் பேராசிரியை மார்கெரிட்டா பெலோக் வழி கண்டார்: இரு புள்ளிகள், இரு கோடுகள், ஒரே மடிப்பு.

பாருங்கள். கிடைக்கோடுகள் இரண்டால் தாளை மூன்று சமபட்டைகளாக்கியுள்ளேன். வலக்கீழ் மூலை இடவிளிம்பில் அமரவேண்டும். கீழ்க்கோட்டின் வலமுனை அதே மடிப்பில் மேற்கோட்டின்மீது அமரவேண்டும். ஒன்று அமர்ந்தால் மற்றொன்று நழுவுகிறது... அமர்ந்துவிட்டது! மூலை தொட்ட புள்ளி இடவிளிம்பை இரண்டாகப் பிரிக்கிறது. கீழ்ப்பகுதியை ஒன்றெனக் கொண்டால், மேற்பகுதி இரண்டின் கனமூலம், ஏறத்தாழ 1.26. புதிருக்கு வேண்டிய நீளம் அதுவே.

வெண்பா யாத்தோர்க்கு இந்த நழுவல் புதிதன்று. ஒரு சீரைத் திருத்தினால் முன்னும் பின்னும் தளை தட்டும். இரண்டும் ஒருங்கே பொருந்தவேண்டும். புதுக்கவிதை அன்பர்கள் சினவற்க. கட்டே கவிதையென்று நான் வாதிடவில்லை.

சுந்தர ராவின் பிழையை நான் எள்ளவும் இல்லை. இக்காலப் பொருளை வெண்பா தாங்காது என்று என் முனைவர்ப்பட்ட ஆய்வேட்டில் உறுதிபட எழுதியவள் நான். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் அரங்கேறிய வெண்பாக்களுள் சிலவற்றைக் கேட்டபின் அந்த இயலை மீண்டும் படித்தேன். அதனைத் திருத்தி எழுதும் பணி இன்னும் முடியவில்லை. எழுதியதும் முதலில் இவ்வவையிலேயே படிக்க எண்ணுகிறேன்.

சதுரத்தாள்கள் வாயிலருகே உள்ளன. ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.