கூட்டுச் செலவும் வாடகைப் பேருந்தும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருமணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு, உல்லாசப் பயணம் முதலியவற்றிற்கு நம்மவர் பேருந்தினை வாடகைக்கு அமர்த்திச் செல்லும் வழக்கம் நாளுக்குநாள் பெருகி வருகின்றது. அதன்கண் கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என்பதுபற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பொருள் சிறிதாகத் தோன்றினும், மக்களின் உயிரும் குடும்பங்களின் மானமும் இதன்பால் அடங்கியிருத்தலின், சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டுகின்றேன்.

கூடிச் சென்று கூடி மகிழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. வையையில் புதுநீர் பெருகியபோது மதுரை மாந்தர் யானை, குதிரை, வண்டி முதலியவற்றில் ஏறித் திரள்திரளாக ஆற்றங்கரைக்கு விரைந்ததைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. புகார் நகரத்து இந்திரவிழாவின் முடிவில் கடலாடச் சென்றபோது கோவலன் அத்திரி மீதும் மாதவி வையத்திலும் ஏறிச் சென்றனர் என்பது சிலப்பதிகாரம். கோவலன் தந்தை பெயராகிய மாசாத்துவான் என்பதே பெருஞ்சாத்தின் தலைவன் எனப் பொருள்படும். வழிப்பயணத்தில் துணை வேண்டி வணிகர் கூட்டமாகச் சென்றனர். அக்கூட்டமே சாத்து எனப்பட்டது. நம் பாட்டன்மார் கூண்டுவண்டி கட்டி, கட்டுச்சோறு எடுத்து, ஆடிப்பெருக்கிற்குக் காவிரிக்கரை சென்றதும் இம்மரபின் தொடர்ச்சியேயாம்.

மேலைநாட்டில் 1820களில் பிரான்சு தேசத்து நாந்து நகரிலும், 1829இல் இலண்டன் மாநகரிலும், கட்டணம் கொடுப்பார் யாவரும் ஏறத்தக்க குதிரைவண்டிகள் தோன்றின. அவற்றிற்கு இட்ட பெயர் ‘ஆம்னிபஸ்’ என்பது. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘எல்லோர்க்கும்’ என்பது பொருள். அதன் வாலைப் பற்றிக்கொண்டு ‘பஸ்’ என்கிறோம். நெடுந்தொலைவு செல்லும் தனியார் வண்டியை ‘ஆம்னி பஸ்’ என்று முழுப்பெயராலும் வழங்குகிறோம். ‘எல்லோர்க்கும்’ என்னும் இப்பொருளை நினைவில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

நிற்க. வண்டி அமர்த்துமுன் அறியவேண்டியன சில. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பயணிகளை ஏற்றும் வண்டிகளை இருவகையாகப் பிரிக்கின்றது. ஆங்காங்கு நின்று, தனித்தனிக் கட்டணம் பெற்று ஏற்றி இறக்குவது ஒருவகை. வண்டி முழுவதையும் ஓர் ஒப்பந்தத்தின்பேரில் அமர்த்திக்கொள்வது மற்றொரு வகை. நாம் திருமணத்திற்குப் பேசும் வண்டி பின்னதாகும். அதற்கெனத் தனி அனுமதிச்சீட்டு உண்டு. பொதுவாக அதன் எண்பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பெழுத்துடன் இருக்கும். வெள்ளைப் பலகையுடைய சொந்த வண்டியை ‘நமக்குத் தெரிந்தவருடையதுதானே’ என்று வாடகைக்குப் பேசுதல் சட்டத்திற்கு மாறானது. இடர் நேருங்கால் காப்பீட்டிலும் வழக்கு விளையும்.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. வாடகை குறைவு என்று கருதி, சரக்கு ஏற்றும் சிறு லாரியிலும், டிராக்டரின் பின்வண்டியிலும் பெண்டிரையும் குழந்தைகளையும் நிறுத்திச் செல்லும் வழக்கம் நம் சிற்றூர்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. சரக்கு வண்டியில் இவ்வாறு ஏறிச்செல்லும் பயணிகட்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று என உச்சநீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே, வண்டி கவிழ்ந்தால் உயிர் போவதோடு, எஞ்சியோர்க்கு உதவிப்பணமும் எளிதிற் கிட்டாமற் போகும். வாடகையில் மிச்சம் பிடித்த பொருள் எத்துணை? இழந்தது எத்துணை? எண்ணிப் பாருங்கள்.

இனி, அளவுக்கு மேல் ஏறுதல். மயிலிறகேயாயினும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். நாமோ 50 பேர்க்குரிய வண்டியில் 80 பேரை ஏற்றி, ‘பக்கத்து ஊர்தானே’ என்று அமைதி கூறுகிறோம். 42 பேருக்குக் காப்பீடு செய்த பேருந்தில் ஏறத்தாழ 90 பேர் சென்று விபத்துற்ற வழக்கொன்று உச்சநீதிமன்றத்தின்முன் வந்தது. காப்பீட்டாரின் பொறுப்பு அந்த 42 என்னும் அளவோடு நிற்கும் என்றும், அத்தொகையை எல்லோருக்கும் விகிதப்படி பகிரவேண்டும் என்றும் 2007இல் தீர்ப்பாயிற்று. மிகுதியாக ஏறியவர், முறையாக ஏறியவர் பங்கையும் குறைத்துவிட்டனர் என்பது இதன் கருத்து. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மிகையாக ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய் தண்டம் விதித்ததோடு, அவர்களை இறக்கி வேறு ஏற்பாடு செய்யும் வரையில் வண்டி நகரலாகாது என்றும் கூறிற்று. முகூர்த்த வேளையில் நடுவழியில் நிற்க நேர்ந்தால் யார் அதற்கு விடை கூறுவது?

இளைஞர்களுக்கு ஒரு சொல். இப்போது பேருந்தினுள் பலநிற மின்விளக்குகளும், செவி துளைக்கும் ஒலிபெருக்கியும் அமைத்து, ஓடும் வண்டியையே ஆட்ட அரங்கமாக்கிக் கொண்டாடுவது நாகரிகம் ஆகிவிட்டது. 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு, கேரளத்திலிருந்து உதகைக்கு மாணவரை ஏற்றி வந்த சுற்றுலாப் பேருந்து ஒன்று, பாலக்காட்டு மாவட்டம் வடக்கஞ்சேரிக்கு அருகில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. 9 பேர் மாண்டனர். அவருள் 5 பேர் மாணவர், ஒருவர் ஆசிரியர். வண்டி மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதாக அறியப்பட்டது. 80க்கு மேல் செல்லாதபடி தடுக்கவேண்டிய வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பயன்படாதொழிந்தது. ஆசிரியத் தொழில் பூண்ட எனக்கு, அச்செய்தியை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்கும். அதன்பின்னரே கேரளத்தில் சுற்றுலாப் பேருந்துகட்கு வெள்ளை நிறம் வேண்டும் என்ற விதியும், மிகை விளக்கு, மிகை ஒலி ஆகியவற்றின் மீதான தடையும் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டன. குழந்தைகள் மாண்டபின் விழிப்பதினும், மாளுமுன் விழிப்பது அறிவுடைமை. ஆடல் பாடல் வேண்டாவென்று யான் கூறவில்லை. வண்டி நின்றபின் மண்டபத்தில் ஆடுங்கள், ஆற்றங்கரையில் பாடுங்கள். கள்ளுண்ணாமைக்கென ஓரதிகாரமே வகுத்த வள்ளுவரைப் போற்றும் நாம், மதுப்புட்டியோடு ஏறுவாரை ஏற்றாதிருத்தலே முறை. பெண்மக்கள் அச்சமின்றி அமர்ந்து வரவேண்டிய வண்டி அது.

இப்பொழுது ஓட்டுநரைப் பற்றிப் பேசுவேன். இப்பேச்சின் உயிர்நிலை இதுவே. மாலை வரவேற்பிற்கு நம்மை ஏற்றி வருகின்றார். இரவு பதினொரு மணிக்கு ஒரு கூட்டத்தைத் திருப்பி விடுகின்றார். விடியற்கால முகூர்த்தத்திற்கு மற்றொரு கூட்டத்தைக் கொணர்கின்றார். நண்பகல் விருந்து முடிந்ததும் மீண்டும் புறப்படுகின்றார். இடையில் அவர் கண்ணயர்ந்த நேரம் எவ்வளவு என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? மோட்டார்த் தொழிலாளர்க்கென 1961இல் இயற்றப்பெற்ற சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றே வரையறுத்தது. நாம் பந்தி பந்தியாக விருந்திடுகிறோம். ஓட்டுநரோ எல்லோரும் உண்டெழுந்தபின், ஆறிய சோற்றிற்குக் காத்து நிற்கின்றார். விருந்தோம்பல் என்பது உறவினர்க்கு மட்டும் உரியதன்று. நம் குழந்தைகளின் உயிரைக் கையிற் பிடித்திருப்பவரை முதற்பந்தியில் அமர்த்துங்கள். படுக்க ஓரிடம் கொடுங்கள். கூட்டம் கூட்டமாக இரவெல்லாம் ஓட்டவேண்டுமாயின் ஓட்டுநர் இருவர் வேண்டும் என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள். 70 கொண்டையூசி வளைவுகளையுடைய கொல்லிமலை போன்ற இடங்கட்குச் செல்லுங்கால், மலைவழி பழகியவரையே கேட்டுப் பெறுங்கள்.

பொருட்செலவினும் ஓரநீதி நிகழ்கின்றது. மணமகன் வீட்டார் ஏறிவரும் பேருந்துகளின் வாடகையைப் பெண்வீட்டார் தலையிற் சுமத்தும் வழக்கம் நம்மவரிடை நுழைந்துள்ளது. ‘மூன்று பஸ் வரும்’ என்று பெருமையாகச் சொல்லுவார் ஒருவர். அதற்குக் கடன் வாங்குவார் மற்றொருவர். எவர் ஏறுகின்றாரோ அவரே கொடுத்தல் நேர்மை. பொதுப்பயணமாயின் வசதியுடையார் சிறிது மிகுதியாகவும், இல்லாதார் இயன்ற அளவும் கொடுப்பராக. ஆயின் இருக்கை எல்லோர்க்கும் ஒன்றே. பணம் மிகுதியாகத் தந்தவர்க்கு முன்னிருக்கை, தாராத கைம்பெண்ணுக்குப் பின்னிருக்கை என்னும் நிலை வேண்டா. முன்னிருக்கை முதியோர்க்கும் கருவுற்றார்க்கும் உரியதாகுக. ‘எல்லோர்க்கும்’ என்னும் அப்பெயர்ப்பொருள் அப்பொழுதே மெய்யாகும்.

ஆதலின் உறுப்பினர்களை ஐந்து வேண்டுகின்றேன். ஒன்று: வாடகை, ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், வெளிமாநில வரி, முன்பணம் ஆகியவற்றை எழுத்தில் பெறுக. இரண்டு: அனுமதிச்சீட்டு, தகுதிச்சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைப் புறப்படுமுன் பார்க்க. மூன்று: இருக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றற்க. நான்கு: அவசர வழியைப் பாத்திரமும் மூட்டையும் கொண்டு அடையாதீர், எரிவாயு உருளையும் பட்டாசும் வண்டியில் ஏற்றாதீர். ஐந்து: ஒவ்வொரு வண்டிக்கும் பொறுப்புள்ள ஒருவரை நியமித்து, ஏறினோர் பெயரைக் குறித்துக்கொள்க, ஓட்டுநரின் ஊணும் உறக்கமும் அவர் கடமையாகுக.

இவ்வைந்தனையும் சங்கம் ஒரு தீர்மானமாக நிறைவேற்றி, திருமண அழைப்பிதழ் அச்சிடும் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு தாளாக வழங்குமாயின், அது பெரும் பணியாகும். மகிழ்ச்சியோடு சென்றவர் அனைவரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புதலே விழாவின் நிறைவு.