எனக்கு நீச்சல் தெரியாது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 2006–2010 மெக்கானிக்கல் பிரிவு மாணவர்.)

பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியர் எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தொழில்துறையில் என் அனுபவங்கள்’. நான் பதினைந்து வருஷமாகத் தண்ணீர் பம்பு டிசைன் செய்கிறவன். அதைப் பற்றிப் பேசினால் முன் வரிசையும் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதனால் செயலாளர் மன்னிக்க வேண்டும். நானும் என் ஹாஸ்டல் நண்பர்கள் மூன்று பேரும் குடும்பத்தோடு கரீபியன் கடலில் கழித்த ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சுற்றுலாக் கட்டுரை என்று பயப்பட வேண்டாம். அதில் நான் பட்ட அவமானமும் இருக்கிறது.

2024 பிப்ரவரி. ஆளுக்கொரு ஊரில் இருந்த நாலு பேரும் ஒரு வாரம் எங்காவது சேர்ந்து போவது என்று முடிவாயிற்று. எங்கே என்பதில்தான் சண்டை. கடைசியில் இடத்தைத் தீர்மானித்தது அழகோ பணமோ அல்ல, விசா. அமெரிக்காவில் எச்-1பி-யில் இருப்பவர்களுக்கு இது புரியும். வெளிநாடு போனால் திரும்பி வர விசா முத்திரை வேண்டும், அதற்கு எங்கே எப்போது தேதி கிடைக்குமோ தெரியாது. அமெரிக்க விர்ஜின் தீவுகள் கரீபியனில் இருந்தாலும் அமெரிக்காவுக்குச் சொந்தமானவை. 1917-இல் டென்மார்க்கிடமிருந்து இரண்டரைக் கோடி டாலர் தங்கம் கொடுத்து வாங்கினார்கள். திரும்பும்போது ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டையும் காகிதங்களையும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை, அமெரிக்கக் கொடி பறக்கிற அந்த ஊரில் வண்டிகள் நம் ஊர் மாதிரி இடது பக்கம் ஓடுகின்றன. எங்கள் திருச்சிக்காரன் பத்து வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகக் கார் ஓட்டினான்.

செயின்ட் தாமஸ் தீவின் கிழக்கு முனையில் ரெட் ஹுக் என்ற சின்னத் துறைமுகம். அங்கிருந்து காலையில் ஒரு பாய்மரப் படகு. எதிரே தெரிகிற செயின்ட் ஜான் தீவின் வடகரையில் இரண்டு இடத்தில் நிறுத்துவார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, குப்புற மிதந்தபடி கடலடியைப் பார்க்கலாம். ஸ்நார்க்கலிங் என்று பெயர். சாயங்காலம் திரும்பிவிடலாம்.

படகுக்கு இரண்டு உடல்கள். ‘கேட்டமரான்’ என்று கேப்டன் அம்மா சொன்னதும் எங்களில் ‘மாமா’ எழுந்து நின்றுவிட்டான். மாமா என்பது ஹாஸ்டலில் வைத்த பெயர். காரணம் அவனைக் கேளுங்கள். “மேடம், இது எங்க வார்த்தை. கட்டுமரம்!” என்று பாடமே எடுத்தான். வார்த்தை நம்முடையதுதான், சந்தேகமில்லை. 1697-இல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் அதை எழுதிவைத்தவர் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர். அவர் அதற்கு முன் இதே கரீபியனில் கொள்ளைக்காரர்களோடு திரிந்த ஆள். ஆனால் பெருமையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இந்த இரட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களின் மூளை. பெயர் மட்டும் நம்முடையது ஒட்டிக்கொண்டது. இதை நான் அப்போது மாமாவிடம் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

கிளம்புவதற்கு முன் கேப்டன் அம்மா எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். ஐம்பது வயது இருக்கும், வெயிலில் காய்ந்த முகம். பவளத்தின் மேல் நிற்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது, பவளத்துக்குக் கெடுதல் செய்கிற சில ரசாயனங்கள் கலந்த வெயில் கிரீமுக்கு இந்தத் தீவுகளில் 2020-இலிருந்து தடை என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாகக் கேட்டார்: “தண்ணீரில் பழக்கமில்லாதவர்கள் யார்? வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போதே சொல்லிவிடுங்கள்.”

யாரும் கை தூக்கவில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கண்மாயில் தண்ணீர் நிற்பதே விசேஷம். இருப்பது கிணறுதான். என் பெரியப்பா மகன் ஒருவன் பதினோரு வயசில் கிணற்றில் போனான். அதற்குப் பிறகு எங்கம்மா, “கிணத்துப் பக்கம் போனே, காலை ஒடிச்சுருவேன்” என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முப்பத்தாறு வயசில், மனைவி பக்கத்தில் இருக்க, மூன்று நண்பர்களின் குடும்பங்களுக்கு முன்னால் கை தூக்க மனசு வரவில்லை. திருச்சிக்காரனின் மகளுக்கு எட்டு வயது. நேராக என்னிடம் வந்து, “அங்கிள், உங்களுக்கு ஸ்விம்மிங் தெரியுமா?” என்றாள். “ஓ, நல்லாத் தெரியுமே” என்றேன். இந்த மேடையில் இருக்கிற சார் ஒருவர் வைவாவில் “புரிஞ்சுதா?” என்று கேட்டபோதெல்லாம் இதே தொனியில்தான் “புரிஞ்சுது சார்” என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, படகு கிளம்பியது. மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அங்கே வருஷம் முழுக்கப் பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் காற்று. பள்ளிக்கூடத்தில் படித்த வியாபாரக் காற்று. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அது பலமாக வீசும், உள்ளூரில் கிறிஸ்துமஸ் காற்று என்கிறார்கள். நாங்கள் போக வேண்டியதும் கிழக்கே. காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்மரமும் போக முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாக ஒரு பக்கம் போய், பாயைத் திருப்பி, மறுபக்கம் சாய்வாகப் போய், இப்படியே வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். எஞ்சினைப் போட்டால் சீக்கிரம் போகலாம் என்றார் கேப்டன். வேண்டாம் என்று ஒரே குரலில் கத்தினோம். விரிந்த பாய் வளைந்து விமான இறக்கை மாதிரி வேலை செய்வதையும், கீழே தண்ணீருக்குள் இருக்கும் பலகை படகைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் பிடிப்பதையும், இரண்டு விசையும் சேர்ந்து படகை முன்னே தள்ளுவதையும் நான் டிஷ்யூ பேப்பரில் படம் போட்டுக் குழந்தைகளுக்கு விளக்கினேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நான் 91 மார்க். கேப்டன் அம்மாவே தலையாட்டினார். என் பொய்க்கு அது இன்னும் பலம் சேர்த்தது.

மாஹோ பே என்ற இடத்தில் நிறுத்தினார்கள். கரையில் தென்னையும் வெள்ளை மணலும், பின்னால் அடர்ந்த பச்சை மலை. தீவில் பாதிக்கு மேல் தேசியப் பூங்கா, 1956-இல் ஏற்பட்டது. அங்கே நங்கூரத்தைக் கண்ட இடத்தில் போட்டுக் கடற்புல்லைக் கிழிக்கக்கூடாது என்று மிதவைகள் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில்தான் படகைக் கட்டினார்கள். ஆழம் பதினைந்து, இருபது அடி இருக்கும். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்றால் தரை எட்டிவிடும் போலத் தெரிந்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, பொருள்கள் கால்பங்கு பக்கத்தில் தெரியும் என்பதும் எனக்குத் தெரிந்த பாடம்தான்.

எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். வாயால் ஊதிப் பெரிதாக்க வேண்டிய வகை. திருச்சிக்காரன் ஊதாமல் தட்டையாக மாட்டிக்கொண்டு குதித்தான். அவன் காவிரியில் நீந்தி வளர்ந்தவன். அவனைப் பார்த்து நானும் ஊதவில்லை. இதைவிட முட்டாள்தனமாக ஒரு காரியத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை, செமஸ்டர் பரீட்சைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏணியில் இறங்கினேன். கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்தபடியே முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தேன். அழகாக இருந்தது. மூச்சு வந்தது. தைரியம் வந்து கையை விட்டேன். இரண்டு மூன்று மூச்சுதான். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. காரணம் என்ன தெரியுமா? இந்த மீசை. கண்ணாடியின் ரப்பர் ஓரம் தோலோடு ஒட்ட வேண்டும், மீசை முடிக்கு நடுவே தண்ணீர் கசியும். பம்புக்கு சீல் போடுவதே தொழிலாக வைத்திருக்கிறவனுக்கு இது தோன்றவில்லை! மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியதும் தலையைத் தூக்கினேன். கால் கீழே போயிற்று, தரை இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. கையைத் தூக்கித் தூக்கித் தண்ணீரை அடித்தேன். தண்ணீருக்கு மேலே வருகிற கையின் எடை முழுவதும் தலையைத்தான் கீழே அழுத்தும். ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். அப்போது ஆர்க்கிமிடீஸ் வரவில்லை. கிணறு வந்தது. அம்மா குரல் வந்தது. கத்த வேண்டும் என்று நினைத்தேன், சத்தம் வரவில்லை. என் மனைவி மேலே படகிலிருந்து என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

கேப்டன் அம்மா மட்டும் நினைக்கவில்லை. எப்போது குதித்தார் என்று தெரியாது, நீளமான ஸ்பாஞ்சு மிதவை ஒன்று என் மார்புக்குக் குறுக்கே வந்தது. “இதைப் பிடி. என்னைப் பிடிக்காதே.” பிடித்தேன். அவ்வளவுதான் கதை. மூழ்குகிறவர்கள் சினிமாவில்தான் கத்துவார்கள், நிஜத்தில் சத்தமே இருக்காது, அதனால்தான் நான் காதால் கவனிப்பதில்லை, கண்ணால் எண்ணிக்கொண்டே இருக்கிறேன் என்று பிற்பாடு சொன்னார்.

மேலே ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: “எனக்கு நீச்சல் தெரியாது.” ஒருத்தரும் பேசவில்லை. எட்டு வயசுக்காரியைப் பார்த்து, “உங்கிட்டப் பொய் சொல்லிட்டேம்மா” என்றேன். “எனக்குத் தெரியும் அங்கிள், நீங்க ஏணியை ரொம்ப நேரம் பிடிச்சிட்டிருந்தீங்க” என்றாள்.

அப்போது படகின் மறுகோடியிலிருந்து ஒரு குரல். “மாப்ள, எனக்கும் தெரியாதுடா.” மாமா! ‘பைகளையும் போன்களையும் நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க’ என்று காலையிலிருந்து பெரிய மனுஷனாக உட்கார்ந்திருந்த மாமா. நாலு வருஷம் ஒரே அறை. ஒருத்தன் சட்டையை ஒருத்தன் போட்டிருக்கிறோம். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கும், எனக்குத் தெரியாது என்பது அவனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் சிரித்தோம். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்று இரவுவரை என்னோடு பேசவே இல்லை.

கேப்டன் அம்மா திட்டவில்லை. இரண்டு பேர் மிதவைச் சட்டையையும் தானே பார்த்து ஊதவைத்தார். ஒரு டப்பா வாசலினைக் கொண்டுவந்து என் மீசைக்குக் கீழே தடவச் சொன்னார். கரைக்குப் பக்கத்தில், கால் எட்டும் இடத்தில் இறக்கி, ஒரு வளையத்தைப் பிடிக்கச் சொல்லி அதைக் கயிற்றால் மெல்ல இழுத்துக்கொண்டு போனார். “மூச்சை நிறைய இழுத்தால் நீ மிதப்பாய். உன் உடம்பு அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது” என்றார். நான் 91 மார்க் வாங்கியது இதற்குத்தான்.

அங்கே கடலடி முழுக்கப் புல். ஓர் ஆமை மேய்ந்துகொண்டிருந்தது. நம் பக்கம் பேராமை என்பார்களே, அந்த வகை. ஒரு கன்றுக்குட்டி மேய்கிற மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கடித்தது. எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு அவசரமே இல்லாமல் மேலே வந்து, என் கையெட்டும் தூரத்தில் மூக்கை வெளியே நீட்டி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கிற்று. காதுக்குள் கேட்டதெல்லாம் குழாயில் என் மூச்சுச் சத்தம் மட்டும். மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினான். ஐந்து நிமிஷமா, அரை மணியா, தெரியாது.

அடுத்து டிரங்க் பே. அங்கே பவளப் பாறைகளுக்கு நடுவே கடலடியில் விவரப் பலகைகள் வைத்து ஒரு பாதையே போட்டிருக்கிறார்கள். கடல் விசிறிகள் அலைக்கு ஆடின. கிளி மூக்கு போன்ற வாயுள்ள மீன்கள் பாறையைக் கரகரவென்று கொறிப்பது தண்ணீருக்குள் காதிலேயே கேட்டது. ஆனால் பல பாறைகள் சாம்பல் நிறத்தில் பாசி மூடிக் கிடந்தன. 2017-இல் இரண்டு புயல்கள், 2019-இலிருந்து பவளத்தைத் தின்னும் ஒரு நோய், போதாததற்கு 2023-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. “நான் முதலில் பார்த்தபோது இருந்ததில் இது மிச்சம்” என்றார் கேப்டன். இன்னொன்றும் உறுத்திற்று. எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்தில் மண்டபம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சுண்ணாம்புக்காக நம்மவர்கள் அங்கே வருஷக்கணக்காகப் பவளத்தை வெட்டிய கதை மட்டும் தெரியும்.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து. காலையில் முகத்தில் அறைந்த அதே காற்று செத்துவிட்டது போலிருந்தது. காற்று 20 நாட், படகு 8 நாட் என்றால் முதுகில் படுவது 12 மட்டும்தான். குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் முன்னால் கட்டியிருந்த வலையில் மல்லாந்து படுத்து, யாருக்கெல்லாம் என்னவெல்லாம் தெரியாது என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தோம். திருச்சிக்காரன் கடைசி வருஷ புராஜெக்டில் தான் போட்ட கணக்கு தனக்கே புரியவில்லை என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டான். மேடையில் இருக்கும் அவனுடைய கைடு மன்னிக்கவும்.

ஊருக்கு வந்ததும் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்களுக்கு ஏழு, எட்டு வயது. ஐந்து மாதம் ஆயிற்று. இப்போது 25 கெஜம் நிற்காமல் போவேன், அழகாக இருக்காது.

இந்தியாவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள். நம் ஹாஸ்டல் பிள்ளைகளும் அருவிக்கும் அணைக்கும் டூர் போகிறவர்கள்தான். எங்கள் 2010 பேட்ச் சார்பில் ஒரு சின்ன ஏற்பாடு. விருப்பமுள்ள ஹாஸ்டல் மாணவ மாணவியருக்கு நீச்சல் பயிற்சிச் செலவை நாங்கள் ஏற்கிறோம். முதல்வர் சம்மதம் கொடுத்துவிட்டார். பதிவு மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், நீச்சல் தெரியாதவர்கள் பெயர் எழுதலாம், முன்னாள் மாணவர்களும் எழுதலாம். முதல் பக்கம் வெறுமையாக இருந்தால் யாரும் எழுத மாட்டார்கள் என்பதால் முதல் பெயரை நானே எழுதிவிட்டேன். அது மாமாவின் பெயர். அவன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறான்.