ரீலும் கட்டைவிரலும்



அமெரிக்க நாட்டில் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பதற்காகவே வளர்ந்து செழித்த பெய்ட்காஸ்டிங் ரீல் என்ற, தூண்டில் நரம்பைச் சுற்றும் சாதனம் நமது வேலூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதும், அதை எப்படித் தேர்ந்து வாங்குவது என்பதைப் பற்றித் தூண்டில் பிரியர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் நடக்கிறது என்பதும் உங்களில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அந்த பாஸ் மீன் நம் ஏரிகளில் இல்லாவிட்டால் என்ன? தவளையைக் கண்டதும் பாய்ந்து கவ்வுகிற விரால் இருக்கிறது. பழவேற்காட்டுப் பக்கம் போனால், ஆசியக் கடல் பாஸ் என்று மேல்நாட்டார் அழைக்கும் கொடுவாவே இருக்கிறது.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் யந்திரங்களைப் பழுதுபார்த்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, இப்போது சத்துவாச்சாரியில் ஓய்வாக இருக்கும் எனக்கு இந்த விஷயத்தில் என்ன அதிகாரம் என்று கேட்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ரீலின் மூதாதையைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர், கென்டக்கி மாகாணத்தில் பாரிஸ் என்ற ஊரிலிருந்த கடிகாரத் தொழிலாளி. பிற்காலத்தில் இந்த ரீலால் உலகப் புகழ் பெற்ற ஸ்வீடன் நாட்டு ஆபு கம்பெனி, 1921-இல் தொடங்கியபோது செய்தது கடிகாரம். அதே ஆண்டில் ஜப்பானில் பிறந்த, இன்று ரீலும் செய்கிற ஷிமானோ கம்பெனி முதலில் செய்தது சைக்கிளின் ஃப்ரீவீல். ஆகவே சிறு பல்சக்கரங்களோடு பழகியவன் இதில் வாய் திறப்பது அத்துமீறல் ஆகாது என்று நினைக்கிறேன். அக்கம்பக்கத்துப் பையன்கள் பழுதான ரீலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என்னிடம்தான் வருகிறார்கள்.

அவர்களுடைய அபிப்பிராய பேதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின்மேல் பத்துப் பேரிங் என்று அச்சிட்டிருந்தால் அதுவே உயர்ந்தது என்பார் ஒருவர். நாலே பேரிங் உள்ள நல்ல ரீல், பத்துள்ள மட்டரகத்தைவிடப் பல வருஷம் கூடுதலாக உழைக்கும் என்பார் மற்றொருவர். நான் திறந்து பார்த்த வரையில் இரண்டாமவர் சொல்வதே சரி. கீர் விகிதத்தைப் பற்றிய சண்டை இன்னும் பெரிது. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பு சுற்றிய ஸ்பூல் ஐந்து சுற்றுச் சுற்றுவது மெதுவான ரீல், ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுவது வேகமான ரீல். ஆழத்தில் நீரை எதிர்த்து வரும் லூர் என்னும் பொய்யிரையை இழுக்க முன்னது கைக்குச் சுகமானது. ஆனால் ஆகாயத்தாமரைக்கு நடுவே ரப்பர்த் தவளையைக் கவ்விய விரால், ஒரே புரளலில் கொடிக்குள் புகுந்துகொள்வதற்கு முன்னால் நரம்பின் தொய்வை வாரிச் சுருட்டுவதற்குப் பின்னதுதான் ஏற்றது. கைப்பிடி வலப்பக்கமா இடப்பக்கமா என்ற சர்ச்சையில் நான் தலையிடுவதில்லை.

ஆனால் நேயர்களே, கடைக்காரரிடம் இவர்கள் கேட்காமல் விடுகிற, என்னைக் கேட்டால் முதலிலேயே கேட்கவேண்டிய கேள்வி, பிரேக்கைப் பற்றியது. வீசிய கணத்தில் லூர் பறக்கிற வேகத்துக்கு ஈடாக ஸ்பூலும் சுழல்கிறது. காற்றின் தடையால் லூரின் வேகம் தளர்ந்த பின்னும் ஸ்பூல் மட்டும் பழைய வேகத்திலேயே சுழன்று, போக வழியில்லாத நரம்பைத் தன்மேலேயே கொட்டிக்கொண்டு சிக்காகிவிடுகிறது. பேக்லாஷ் என்று பையன்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். இதே தொல்லையை ஷூவின் அப்பர் தைக்கும் பிரிவில் நாள்தோறும் பார்த்தவன் நான். வேகமாக ஓடிய யந்திரம் சட்டென்று நிற்கும்போது, அடியிலுள்ள பாபின் நிற்காமல் சுழன்று நூலைச் சிக்கவிடும். "அண்ணா, மறுபடியும் அடிநூல் சிக்கிடுச்சு, சூப்பர்வைசர் கத்துறாரு, சீக்கிரம் வாங்கண்ணா" என்று தையல் பெண்கள் அழைப்பார்கள். போய்ப் பாபின் கேஸைத் திறந்து பார்த்தால், பாபின் மிகையாகச் சுழலாதபடி லேசாக அழுத்திப் பிடிப்பதற்கென்றே அதனுள் வைத்த மெல்லிய தகட்டு ஸ்பிரிங் தேய்ந்திருக்கும். அல்லது இது எதற்கு என்று யாராவது பிடுங்கி எறிந்திருப்பார்கள்.

அந்த ஸ்பிரிங்கின் வேலையை ரீலில் செய்பவை இருவகைப் பிரேக்குகள். ஒன்றில், ஸ்பூல் சுழலச் சுழலச் சிறு கட்டைகள் வெளிப்புறமாக ஒதுங்கி ஒரு வளையத்தில் உராய்கின்றன. வேகம் உச்சத்திலிருக்கும் வீச்சின் தொடக்கத்தில் இதன் பிடி பலமாக இருந்து, வேகம் குறைந்ததும் விரைவில் தளர்ந்துவிடும். மற்றொன்று காந்தப் பிரேக். அலுமினிய ஸ்பூலைக் காந்தம் எப்படித் தடுக்கும் என்று கேட்காதவர் இல்லை. பழைய மின்சார மீட்டருக்குள் சுழலும் அலுமினியத் தட்டைக் கட்டுப்படுத்துவதும் காந்தம்தான் அல்லவா? தொடாமலே, சுழலும் உலோகத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கி, அதனாலேயே அது தடுக்கிறது. எதிர்க்காற்றில் பத்துப் பதினைந்து கிராம் தவளையை வீசிப் பழகுகிறவர்களுக்கு, வெளியிலிருந்தே திருகி அமைக்கக்கூடிய காந்தப் பிரேக் உள்ள ரீலையே நான் சிபாரிசு செய்கிறேன். ஏழு கிராமுக்குக் குறைந்த லூரை வீசுகிறவர்கள் இந்த வம்பே வேண்டாமென்று ஸ்பின்னிங் ரீலை வாங்கிக்கொள்வது உத்தமம். எந்தப் பிரேக் இருந்தாலும், லூர் நீரைத் தொடும் தருணத்தில் ஸ்பூலைக் கட்டைவிரலால் நிறுத்துகிற பழக்கம் வந்தே தீரவேண்டும். அதை எந்தக் கம்பெனியும் பெட்டியில் வைத்து விற்பதில்லை.

இன்னொரு சங்கதி. புது ரீலைக் கொண்டுவந்து, மீன் இழுக்கும்போது ஸ்பூலை இறுக்கிப் பிடிக்கும் பகுதியான டிராக்கைக் காட்டி, "டிராக் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்கவே மாட்டேங்குதுங்க ஐயா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று கொதித்தார் ஓர் இளைஞர். பிரித்துப் பார்த்தால் உள்ளே வாஷர்களில் ஒரு குறையும் இல்லை. நரம்பைப் பிடித்து இழுத்தேன்; ஸ்பூல் அசையாமலிருக்க, அதன்மேல் சுற்றியிருந்த பிரெய்டு என்ற பின்னல் நரம்பு முழுவதும் ஒட்டுமொத்தமாக வழுக்கிச் சுழன்றது! வழவழப்பான உலோகத்தின்மேல் பிரெய்டு பிடித்து நிற்பதில்லை. அடியில் சில சுற்று நைலான் நரம்பைச் சுற்றி அதன்மேல் பிரெய்டை முடிந்து கொடுத்தேன். கடைக்காரர் வசவிலிருந்து தப்பினார்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போவதாக ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் சைகை காட்டுகிறார்கள். எஞ்சியவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வீசுவதற்கு முன்னால் ராடைப் பிடித்தபடி ரீலின் பக்கவாட்டுத் திருகை அமைத்து, லூர் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். கொடுவா பிடிக்க உப்புநீருக்குக் கொண்டுபோன ரீலை அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். மறுவாரம் துருவேறிய பேரிங்கோடு என்னிடம் வராதீர்கள். காவேரிப்பாக்கமானாலும் வேறெந்த ஏரியானாலும், மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வீசுங்கள். குஞ்சுக் கூட்டத்துக்குக் காவலாகச் சுற்றும் விராலின் பக்கம் மட்டும் தவளையைப் போடாதிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.